அமாவாசைக்கு மூடும் ஆட்டம்

சார்ஜர் தேடி உன் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தேன். சார்ஜர் இல்லை. உன் ஹெட்போன் இருந்தது. காதில் படுகிற பஞ்சு உரிந்து, கறுப்புத் தோல் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது. குப்பையில் போடலாம் என்றுதான் எடுத்தேன். நீலகிரித் தைல வாசனை குப்பென்று அடித்தது. தலைவலி இருக்கிறதோ இல்லையோ, வந்ததும் நெற்றிப்பொட்டில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாயே, அந்த வாசனை. இழுப்பறையை அப்படியே மூடிவிட்டேன். சார்ஜரைத் தேடவில்லை. போன் அணைந்து போனால் போகட்டும்.

இன்று அமாவாசை. கீழே பவர்லூம் கொட்டாயில் எல்லாத் தறியும் நின்றுவிட்டது. மேசையில் வைத்த டீ டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. ஆபீசில் எல்லோருக்கும் லீவு சொல்லிவிட்டு நான் மட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பது பேச்சுக்கு. ஜன்னலுக்குப் போகிறேன், சேவூர் ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன், நாற்காலியை இழுக்கிறேன், மறுபடி எழுந்துகொள்கிறேன். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். பெங்களூர்க் கம்பெனி நம் ஆட்டத்தை எடுத்துக்கொள்ள வந்தது, நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் என்னைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உனக்கு மட்டும்தான் காரணத்தைச் சொல்ல முடியும். அதற்கு நீ இருக்க வேண்டாமா?

முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கே கோர்வையாக வரும்.

சென்னையில் நாம் வேலை பார்த்த இடத்தில் மொபைல் கேம் பிரிவையே மூடிவிட்டோம் என்று மெயில் அனுப்பினார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆரணி பஸ் ஏறினோம். நான் வழியெல்லாம் வேறு எந்தக் கம்பெனிக்கு எழுதிப் போடலாம் என்று போனைக் குடைந்துகொண்டு வந்தேன். நீ என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாய். ஆற்காடு தாண்டியதும் கண் விழித்து, ஏதோ வழி கேட்பதுபோல் சாதாரணமாகச் சொன்னாய்: "நம்ம ஊர்லயே ஒண்ணு ஆரம்பிக்கலாம்டீ. கேமு செய்றதுக்குக் கடலா வேணும், மெட்ராஸ்ல போய் உக்கார?"

சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனாய். அதற்குப் பிறகு ஊர் வந்து சேரும் வரை எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நம் கம்பெனியின் கதை மொத்தமும் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. நீ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பாய். நான் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

இந்த மாடியை வாடகைக்குப் பிடித்தது நான். கம்பெனிக்குப் பெயர் வைத்தது நீ. நல்ல ஸ்டைலான ஆங்கிலப் பெயராக எழுதி வைத்திருந்தேன். நீ அதையெல்லாம் தள்ளிவிட்டு 'கொட்டாய் கேம்ஸ்' என்றாய். "வெளிநாட்டுக்காரன் வாயில நுழையுமாடீ இது?" என்று கேட்டேன். "நுழையலன்னாதான் ஞாபகம் இருக்கும்" என்றாய். பதிவு செய்யப் போன இடத்தில் அந்த ஆபீசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நம் இரண்டு பேரையும் பார்த்த பார்வை நினைவிருக்கிறதா? எனக்கு மானம் போனது. உனக்குச் சிரிப்பு வந்தது.

முதல் ஆட்டம் என்னுடையது. 'சில்லறை' என்று பெயர். டவுன் பஸ் கண்டக்டர், நெரிசலுக்குள் புகுந்து டிக்கெட் கொடுத்து, சரியான சில்லறை கொடுத்து, அடுத்த நிறுத்தம் வருவதற்குள் முன்படிக்கட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அப்பா கண்டக்டர் என்பதால் எனக்கு அதில் எல்லாமே அத்துப்படி. ஆசையாக அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொஞ்ச நேரம் விளையாடிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். "தெனம் இதத்தானம்மா பண்ணிகினு வர்றேன். ஊட்டுக்கு வந்தும் இதேவா?" என்றார். ஊரும் அதையேதான் நினைத்தது போலிருக்கிறது. யாரும் சீந்தவில்லை. அதன் பிறகு கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவு ஆப், டியூஷன் சென்டருக்கு வினா விடை ஆப் என்று கிடைத்ததைச் செய்துதான் வாடகை கட்டினோம்.

'ஓடு நாடா' உன்னுடையது. தறியில் ஊடை நூலைச் சுமந்துகொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிற கட்டைதான் நாடா. போனைச் சாய்த்தால் நாடா ஓட வேண்டும், ஓடும்போது சரியான நிறத்து நூலை விரலால் தொட்டால் பார்டரில் மயிலும் மாங்காயும் ஒவ்வொரு இழையாக மேலே ஏற வேண்டும். திரையின் ஓரத்தில் ஒரு சின்ன வீடு. அதில் புருஷன் தறியில் உட்கார்ந்திருப்பான், பெண்டாட்டி ராட்டையில் நூல் சுற்றிக் கொடுப்பாள். விளையாடுகிறவர் வேகமாக ஆடினால் அவளும் வேகமாகச் சுற்றுவாள். கௌசல்யா நம்மிடம் வரைய வந்து சேர்ந்த புதிது அது. அந்த ராட்டைக்காரியின் முகத்தை எத்தனை விதமாக வரைந்து கொண்டுவந்தாலும் "இல்லமா, மூக்கு கொஞ்சம் இன்னும்" என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தாய். இத்தனூண்டு பொம்மைக்கு மூக்கு எப்படி இருந்தால் என்ன என்று நான் எரிந்து விழுந்தேன்.

அந்த ஆட்டத்தில் நாம் செய்த தப்பை உலகத்தில் வேறு எந்தக் கம்பெனியும் செய்திருக்காது. கீழே தறிகள் ஓடுகிற ஓட்டத்தில் நம் தரை நாள் முழுக்க அதிர்ந்துகொண்டே இருக்கும். போனைக் கையில் பிடித்தாலே நாடா தானாக நடுங்கும். அந்த நடுக்கத்தை அடக்குவதற்காகச் சின்னச் சின்ன அசைவுகளை எல்லாம் கண்டுகொள்ளாதே என்று ஆட்டத்தின் நிரலில் எழுதினேன். பிரமாதமாக வேலை செய்தது. பிறகு ஓர் அமாவாசை வந்தது. கீழே கொட்டாய் மூடியிருந்தது. அன்று எடுத்துப் பார்த்தால் நாடா அசையவே இல்லை. சொம்புத் தண்ணீரைக் கவிழ்ப்பதுபோல் போனைக் கவிழ்த்தால்தான் ஓடியது. அதிர்கிற தரைக்கு மட்டும் ஒரு ஆட்டத்தைச் செய்து வைத்திருந்தோம். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். நீ தரையில் படுத்து உருண்டு சிரித்தாய்.

அன்றிலிருந்து சோதனை பார்ப்பதும் ஒலி பதிவதும் அமாவாசையில்தான் என்றானது. அந்த ஒரு நாள்தான் இந்தக் கட்டடத்தில் சத்தம் இருக்காது. ஊரில் நெசவுக்காரர்கள் எல்லாம் லீவில் இருக்க, நாம் இரண்டு பேரும் மைக்கைத் தூக்கிக்கொண்டு இங்கே வருவோம். ஒருமுறை நாடா ஓடுகிற சத்தத்துக்காக மரக்கட்டையை மேசையில் உருட்டிப் பதிந்துகொண்டிருந்தபோது, நீ சட்டென்று நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தாய். "அமாவாசைன்னா தெருவே இப்டிதான் கம்முனு இருக்கும், இல்ல?" என்று கேட்டாய். சேவூர் நெசவுக்காரர் வீட்டுப் பெண் கண்டக்டர் வீட்டுப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? "எங்கிட்ட கேட்டா? நீதான சொல்லணும்" என்றேன். நீ மறுபடி கட்டையை உருட்டினாய். எனக்கும் அதைக் கிளற நேரமில்லை. எனக்கு எதற்குத்தான் நேரம் இருந்தது?

ஆட்டம் வெளியானது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் விளையாட ஆரம்பித்தார்கள். பிரேசில், இந்தோனேசியா, போலந்து. நான் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் எண்ணிக்கையைப் பார்ப்பேன். ஒரு நாள் காலையில் பார்த்தால் மெயில் பெட்டி நிரம்பி வழிகிறது. ஆட்டம் திறக்கவில்லை, நாடா ஓடவில்லை, என்ன ஆயிற்று என்று உலகம் முழுக்கக் கேட்கிறார்கள். "உங்கள் தறிக்காரர் செத்துவிட்டாரா?" என்று பிரேசிலிலிருந்து ஒருவர். நான் திறந்து பார்த்தேன். நாடா தறியின் மேல் சும்மா கிடந்தது. புருஷன் சுவரில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். பெண்டாட்டி ராட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு, தரையில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைத் தொட்டால் புரண்டு படுப்பாள். எத்தனை தடவை தொட்டாலும் எழ மாட்டாள்.

உனக்குப் போன் போட்டேன்.

"இன்னாடீ பண்ணி வெச்சிருக்க?"

"இன்னிக்கு அமாவாசை இல்ல? தறி ஓடாது."

"ஆரணில ஓடாதுடீ. பிரேசில்ல ஏன்டீ ஓடாது?"

"நெலா எல்லாத்துக்கும் ஒண்ணுதான?"

வீட்டில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்து வருஷத்தின் அமாவாசைகளை எல்லாம் உள்ளே எழுதி வைத்திருந்தாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே உனக்குத் தோன்றவில்லை. அன்று ஆரம்பித்த சண்டை நமக்குள் கடைசி வரை முடியவில்லை. ஒரு நாள் மூடினால் ஆட்கள் வேறு ஆட்டத்துக்குப் போய்விடுவார்கள், போனவர்கள் எல்லோரும் திரும்பி வருவார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று நான் கேட்பேன். எங்கள் வீட்டில் பண்டிகை என்றாலே ஸ்பெஷல் பஸ், அப்பா தீபாவளியன்று வீட்டில் இருந்ததே கிடையாது, அதனால் நாங்கள் என்ன குறைந்தா போய்விட்டோம் என்பேன். நீ தைலத்தைத் தேய்த்துக்கொண்டே, "நெய்றவங்களுக்கு அமாவாசை லீவு. அவ்ளோதான். இதுல பேச இன்னா கீது?" என்பாய். ஒவ்வொரு அமாவாசைக்கும் முதல் நாள் நான் ஆரம்பிப்பேன். உன் வாதங்கள் எனக்கு மனப்பாடம். என் வாதங்கள் உனக்கு மனப்பாடம். சில நாள் நான் பேச வேண்டியதை நீயே முந்திக்கொண்டு என் குரலில் பேசிக் காட்டுவாய்.

வேடிக்கை என்னவென்றால், ஆட்கள் பழகிவிட்டார்கள். போலந்துக்காரர் ஒருவர் மாதாமாதம் "இன்று அவள் தூங்குகிறாளா?" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவார். திட்டியவர்களும் உண்டு, விட்டுப் போனவர்களும் உண்டு. ஆனால் கம்பெனி நின்றது. வேலைக்கு ஆட்கள் சேர்ந்தார்கள். மாடிப்படியில் செருப்பு வைக்க இடமில்லாமல் போனது. உனக்குத்தான் எல்லோர் பிறந்தநாளும் தெரியும். எனக்கு எல்லோர் டெட்லைனும் தெரியும்.

பிறகு அந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். வேலூரில் சேர்த்தார்கள். "ரெண்டு நாளு ரெஸ்ட் எடுத்துட்டு வந்துர்றேன், நீ பேஜாரு பண்ணாம வேலையப் பாரு" என்று குரல் மெசேஜ் அனுப்பினாய். நீ வரவில்லை. இதைப் பற்றி நீட்டி எழுத எனக்கு வராது. உன் மேல் எனக்குக் கோபம். இன்றைக்கும் கோபம்தான். ஆட்டத்தை ஆரம்பித்து வைத்துவிட்டு நடுவில் எழுந்து போகிற பழக்கம் உனக்கு எப்போதும் கிடையாதே.

நீ போன பிறகு புதிதாக ஒன்றும் செய்ய வரவில்லை. எனக்கு நிரல் எழுதத் தெரியும், கம்பெனியை ஓட்டத் தெரியும். எதைச் செய்வது என்று சொல்வதற்கு நீதான் வேண்டும். ஓடு நாடாவைத் திறக்கிறவர்கள் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வந்தார்கள். கௌசல்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது, அவள் சம்பளத்தை நம்பித்தான் அந்த வீட்டில் பத்திரிகை அடித்தார்கள். அந்த நேரத்தில்தான் பெங்களூரிலிருந்து ரோஷ்னி வந்தாள். ஆட்டங்களை வாங்கி விளம்பரம் செய்து உலகம் பூராவும் கொண்டுபோகிற கம்பெனியில் அவள் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், அம்மா வழியில் வந்தவாசிப் பக்கம். நம் மாடிப்படியில் ஏறி வந்து, தறி அதிர்வில் டம்ளர் தானாக நகர்வதைப் பார்த்துவிட்டுக் கை தட்டிச் சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. உனக்கும் பிடித்திருக்கும்.

எல்லாம் ஒத்துக்கொண்டாள். ஆட்கள் யாரையும் மாற்ற வேண்டாம், ஆபீஸ் இங்கேயே இருக்கட்டும், அடுத்த ஆட்டத்துக்கும் அவர்களே துணை நிற்பார்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மேகலா, அந்த அமாவாசை மூடுறத மட்டும் எடுத்துடுங்க. ஆளுங்கள நம்மளே வெளிய அனுப்பிட்டு, அப்புறம் திரும்பி வாங்கன்னு காசு குடுத்து விளம்பரம் போட முடியாது."

எனக்கு உள்ளுக்குள் என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. இத்தனை வருஷமாக நான் கத்தியதையே ஒரு பெரிய கம்பெனி வந்து சொல்கிறது. நான் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். உடனே சம்மதித்தேன். கௌசல்யா அமாவாசைக்கென்று புதுப் படம் வரைந்தாள். அன்றைக்கு மட்டும் வீட்டு வாசலில் பெரிய கோலம், தறியில் தங்கச் சரிகை, வேகமாக நெய்தால் இரட்டைப் பரிசு. பெண்டாட்டி ராட்டையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சுற்றுவாள். அழகாகத்தான் இருந்தது. அடுத்த அமாவாசைக்குள் அதை ஏற்றிவிட்டால் கையெழுத்து.

ஏற்றுவதற்கு முன்னால் உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று சேவூருக்குக் கிளம்பினேன். அவர்கள் தடுப்பார்கள் என்று நினைக்கவே இல்லை. உன் பொருள், அதனால் மரியாதைக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். போகும்போதே மனதுக்குள் பேச்சைத் தயார் செய்துகொண்டேன். உங்கள் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியும், நெய்கிறவர்களுக்கு அமாவாசை எப்படிப்பட்டது என்றும் தெரியும், இருந்தாலும் காலம் மாறிவிட்டது, இப்படி.

அம்மா காபி கொடுத்தார்கள். நான் தயார் செய்த பேச்சை ஆரம்பித்தேன். "உங்க ஊட்ல அமாவாசைக்கு தறி ஓட்ட மாட்டீங்கன்னு தெரியும்மா" என்றதும் அவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"யாரு சொன்னா?"

"அவதான்."

"தெருவு பூரா நிக்கும் கண்ணு. எங்க ஊட்ல என்னிக்கு நின்னுது? அவங்கப்பா விட்டாதான? அமாவாசைக்கு ஏன் ஓட்றீங்கன்னு பக்கத்து ஊட்டுக்காரங்க வந்து கேட்டுகூட பாத்தாங்க. கதவ சாத்திகினு நெய்வாரு. 'தறிக்கு இன்னா தெரியும், நெலா கீதா இல்லியான்னு' அப்டீம்பாரு. சும்மா உக்காந்தா அவருக்கு ஒடம்பு நடுங்கும். உன்ன மாதிரிதான், காலு ஒரு எடத்துல நிக்காது."

நான் காபியைக் கீழே வைத்தேன்.

"அவரு தறியில உக்காந்தா நான் ராட்டையில உக்காரணும். நூல் சுத்தி குடுக்கலன்னா அங்க நாடா நின்னுடும். தெருவுல எல்லாப் பொம்பளைங்களும் அன்னிக்கு ஒண்ணு கோயிலுக்குப் போவாங்க, இல்லன்னா படுத்துக் கெடப்பாங்க. இவ வந்து என் தோளப் புடிச்சி இழுப்பா. 'எம்மா, நீயும் படும்மா, எல்லாரும் படுத்துகினு கீறாங்க' அப்டீன்னு. படுக்க முடியுமா?"

எழுந்து உள்ளே போய் உன் போனை எடுத்துக்கொண்டு வந்தார்கள். உன் தம்பி மறக்காமல் சார்ஜ் போட்டு வைக்கிறானாம்.

"இதுல ஒண்ணு செஞ்சி வெச்சிட்டு போயிருக்கா. 'எம்மா, இது நீதான். யாரு வந்து எழுப்புனாலும் நீ எந்திரிக்க மாட்ட, அப்டிதான் எழுதிகீறேன்'னா. அமாவாசைக்கு மட்டும் தொறந்து பாப்பேன். தூங்கிகினு இருப்பேன்."

"மத்த நாள்ல பாக்க மாட்டீங்களா?"

"மத்த நாள்ல தொறந்தா அந்தப் பொம்ம வேல செஞ்சிகினே கீது. அத எதுக்கு நான் பாக்கணும்? அதான் ஆயுசுக்கும் பாத்துட்டேனே."

நான் எதற்கு வந்தேன் என்று கேட்டார்கள். மறைக்கவில்லை, சொன்னேன். அந்த லீவை எடுத்தால்தான் கம்பெனி நிற்கும் என்றேன். அவர்கள் கொஞ்சங்கூட யோசிக்கவில்லை. "எடுக்கணும்னா எடுத்துக்கோம்மா. நீங்க பொழைக்கணுமில்ல. நான் ஒருத்தி பாக்குறேன்னா இத்தன பேரு கஷ்டப்படுறது?" என்றார்கள். உன் அம்மா அழுதிருந்தால், கெஞ்சியிருந்தால், எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இதுவும் ஒரு வேலை என்பதுபோல் எழுந்து டம்ளரைக் கழுவப் போய்விட்டார்கள்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். நின்றேனா, அந்த நிழற்குடைக்குள் மேலும் கீழும் நடந்தேன். உன்னிடம் ஒரு நூறு கேள்வி இருந்தது. உங்கள் வீட்டில் இல்லாத ஒரு லீவுக்காக என்னிடம் இத்தனை வருஷம் சண்டை போட்டாயா? உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரே நாளில் வாயை மூடியிருப்பேனே. ஏன் சொல்லவில்லை என்று யோசித்தபோது ஒன்று மட்டும் புரிந்தது. சொல்லியிருந்தால் நான் பாவம் பார்த்து விட்டுக்கொடுத்திருப்பேன். உனக்கு அது வேண்டாம். நெய்கிறவர்களுக்கு லீவு என்றால் லீவு, அதற்கு யார் கண்ணீரையும் காட்டி அனுமதி வாங்க வேண்டியதில்லை என்று நினைத்திருக்கிறாய். உன் அப்பாவிடம் பேச முடியாததை எல்லாம் என்னிடம் பேசித் தீர்த்துக்கொண்டாய். அவரும் நானும் ஒரே ரகம் என்று உனக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது.

டவுன் பஸ் வந்தது. ஏறவில்லை. ரோஷ்னிக்குப் போன் போட்டேன்.

"அமாவாசைய எடுக்க முடியாதுங்க ரோஷ்னி."

அவள் பொறுமையாகத்தான் பேசினாள். "போன வாரம் நீங்களே சரின்னீங்க. பரவாயில்ல. எனக்கு ஒரு காரணம் குடுங்க மேகலா. நான் மேல போய்ச் சொல்ற மாதிரி ஒரே ஒரு காரணம்."

காரணம் என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் கையெழுத்து ஆகியிருக்கும், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ரோஷ்னி கெட்டிக்காரி. கேட்டதும் உருகியிருப்பாள், உருகிய கையோடு அதை என்ன செய்யலாம் என்றும் யோசித்திருப்பாள். அடுத்த மாதம் ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு சேவூருக்கு வந்திருப்பார்கள். உன் அம்மாவை ராட்டை முன்னால் உட்கார வைத்து, பிறகு தரையில் படுக்க வைத்து, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கம்மா, கண்ணை மூடுங்கம்மா, இன்னொரு தடவை என்றிருப்பார்கள். அவர்கள் தூங்குவதையும் ஒரு வேலையாக்கியிருப்பார்கள். உன் அம்மாவும் நீங்க பொழைக்கணுமில்ல என்று சொல்லிவிட்டுப் படுத்திருப்பார்கள்.

"காரணம் இருக்குங்க. சொல்றதுக்கில்ல" என்றேன்.

"அப்போ எங்கிட்ட ஒண்ணும் இல்ல மேகலா" என்றாள். வருத்தமாகத்தான் சொன்னாள். மறுநாள் மரியாதையாக ஒரு மெயில் வந்தது. அத்தோடு முடிந்தது.

ஆபீசில் வந்து சொன்னேன். கௌசல்யா எழுந்து நின்றாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "அக்கா, அந்த லீவ தூக்கணும்னு வருஷக்கணக்கா கத்துனது யாரு? நீங்கதான? இப்ப தூக்கச் சொல்லி ஒருத்தங்க வந்தா முடியாதுன்றீங்க. எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றாள். நியாயமான கேள்வி. கல்யாணத்தை வைத்துக்கொண்டிருக்கிற பெண். பதில் சொன்னால் அவளும் அழுதுவிட்டு என்னை மன்னித்துவிடுவாள். பிறகு இன்னொருத்தியிடம் சொல்லுவாள். நான் சொல்லவில்லை. அவள் வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். கிடைத்துவிடும், நன்றாக வரைகிறாள். அதுவரை எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு ஆஸ்பத்திரிக்கு டோக்கன் ஆப் செய்து கொடுக்கிற வேலையைப் பிடித்திருக்கிறேன். கம்பெனி நிற்குமா என்று கேட்டால் தெரியாது. ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்டால் வரவில்லை.

நான் செய்தது சரிதானா என்று உன்னிடம் கேட்க நினைத்துத்தான் இதை ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டே வந்தபோது கேட்க வேண்டாம் என்று தோன்றிவிட்டது. நீ சரி என்றும் சொல்ல மாட்டாய், தப்பு என்றும் சொல்ல மாட்டாய். இதுல பேச இன்னா கீது என்பாய்.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த லீவு எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. வியாபாரம் தெரிந்த யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் இனி யார் வந்து எடுக்கச் சொன்னாலும் முன்னால் நின்று சண்டை போடப்போவது நான்தான். பேச வேண்டியதெல்லாம் உன் வாதங்கள், எனக்கு மனப்பாடமாக இருக்கிறது. என் வாதங்களை ரோஷ்னியும் கௌசல்யாவும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பாவம், அவர்களுக்குப் பேச வரவில்லை. இரண்டு வார்த்தை கேட்கிறார்கள், நான் முறைத்தால் விட்டுவிடுகிறார்கள். நான் உன்னிடம் பேசியதில் கால்வாசிகூட இல்லை. இவர்களிடமெல்லாம் ஜெயித்து எனக்கு என்னடீ ஆகப்போகிறது?